கரிசல் பருத்தியும் விதையுரிமையும்: உயிரித் தொழில்நுட்பம் கிழிக்கும் வர்க்கக் கோடு

சூழல் சீர்குலைந்த எதிர்காலத்தில் மேம்பட்ட மரபணுக்கள் செல்வர்க்கு மட்டுமே வாய்க்கும் என்னும் அச்சம் பெரும்பாலும் மனித உடலை முன்வைத்தே பேசப்படுகிறது. மழை பொய்க்கும் நிலங்களிலோ அப்பிரிவினை விதையின் வழியே முன்னரே தொடங்கிவிட்டது என்பதற்கு ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்துப் பருத்தி தக்க சான்று. 1936இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையத்தில் நூற்பாலை தொடங்கினார். ஸ்ரீவில்லிபுத்தூரில் இயங்கும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பருத்தி ஆராய்ச்சி நிலையம் எஸ்.வி.பி.ஆர். வரிசை ரகங்களை உருவாக்கியது. ரகம் என்பது தன் இயல்பு மாறாமல் மறுமுறையும் முளைக்கும் விதை. உழவர் அதை எடுத்துவைத்து அடுத்த பட்டத்திற்கு விதைக்கலாம்.

2002இல் இந்தியா அனுமதித்த பி.டி. பருத்தி அவ்வாறு வரவில்லை. மண்வாழ் நுண்ணுயிர் ஒன்றிலிருந்து பெற்ற, காய்ப்புழுவைக் கொல்லும் நச்சுப் புரதத்துக்கான மரபணு, ஆண்டுதோறும் வாங்க வேண்டிய வீரிய ஒட்டு விதைக்குள் வைத்து விற்கப்பட்டது. தொடக்கத்தில் 450 கிராம் பொட்டலம் ஏறத்தாழ 1,600 ரூபாய். விதையைச் சேமிக்கவும் பகிரவும் உழவருக்கு உரிமை தந்த 2001ஆம் ஆண்டுப் பயிர் ரகப் பாதுகாப்புச் சட்டம், மறுதலைமுறையில் குணம் சிதறும் ஒட்டுவிதையின் முன் பெயரளவில் நின்றது. அதைவிடக் கவனிக்கத்தக்கது உயிரியல் விளைவு: ஒட்டுச்செடியின் காய்க்குள் உருவாகும் விதைகளில் சில அந்த மரபணு இன்றியே அமைவதால், விதையைத் தின்னும் இளஞ்சிவப்புக் காய்ப்புழு, நஞ்சுள்ளதும் அற்றதுமான விதைகளைக் கலந்து தின்று, எதிர்ப்புத் திறன் பெற ஏதுவாயிற்று. குஜராத்தில் அத்திறன் 2010இல் வெளிப்படையாக ஒப்புக்கொள்ளப்பட்டது. ஆகவே ஆதாயத்திற்கு உகந்த வடிவமே தொழில்நுட்பத்தின் ஆயுளைக் குறைத்தது எனக் கொள்வதில் பிழையில்லை.

இழப்பு எல்லார் மீதும் ஒரேபோல் விழவில்லை. மலையடிவாரத்தில் கிணற்றுப் பாசனம் உள்ளவர் மற்றொரு மருந்துத் தெளிப்புக்குச் செலவிட முடியும். கிழக்கே மானாவாரிக் கரிசலில் ஐப்பசி மழையை நம்பி விதைப்பவர், மழை தவறினால் விதைக்கடனோடு நிற்கிறார். ஆலைக்கோ உள்ளூர் விளைச்சல் இன்றியமையாததன்று: 2025 ஆகஸ்ட் 19 முதல் டிசம்பர் 31 வரை இறக்குமதிப் பருத்திக்கு ஒன்றிய அரசு வரிவிலக்கு அளித்தது. வறட்சி தாங்கும் கருங்கண்ணிப் பருத்தி, இழை குட்டையாக இருப்பதன் காரணமாகவே ஆலைகளால் ஒதுக்கப்பட்டது என்பதால், பொதுத்துறை ஆராய்ச்சியும் ஆலையின் தேவையிலிருந்து விலகி நின்றதாகச் சொல்ல இயலாது.

பி.டி. பருத்திக்கு மாறாக, இந்தியாவில் 2025 மே மாதம் வெளியிடப்பட்ட மரபணுத் திருத்த நெல்லினங்கள் இரண்டும் ஒட்டுவிதைகள் அல்ல, ரகங்கள். அவற்றுள் பூசா டி.எஸ்.டி. 1 வறட்சியையும் உவரையும் தாங்குவதற்கென உருவானது. விதை வடிவம் இங்கே திருந்தியிருக்கிறது எனினும், திருத்தும் கருவிக்கான காப்புரிமைகள் பெரும்பாலும் அயல்நாட்டு நிறுவனங்களிடமும் பல்கலைக்கழகங்களிடமும் இருக்கின்றன. இந்த விவாதம் முழுவதிலும் விதை வாங்குவோரே இடம்பெறுகின்றனர். மடியில் பருத்தி சேர்த்து எடைக்கணக்கில் கூலி பெறும் பெண்களும், களைக்கொட்டோடு வரும் பெண்களும் இடம்பெறுவதில்லை. களைக்கொல்லி தாங்கும் பருத்தி அனுமதியின்றியே நாட்டின் பல பகுதிகளில் பரவியுள்ள நிலையில், அது உழவரின் செலவைக் குறைப்பது உண்மையே. குறைவதில் பெரும்பங்கு அப்பெண்களின் களையெடுப்புக் கூலி.