வைகை உடைப்பும் வீட்டுக்கு ஓர் ஆளும்

வந்திக் கிழவியின் பிட்டுக்காக மண் சுமந்து, பிரம்படி பட்ட சொக்கநாதர் கதை மதுரைக்காரர் எல்லோருக்கும் தெரியும். ஆவணி மூலத் திருவிழாவில் சுவாமியும் அம்மனும் புட்டுத்தோப்புக்கு எழுந்தருள்கிறார்கள். திருவாதவூரிலிருந்து மாணிக்கவாசகரும் வருகிறார். பிரம்படியைப் பேசுகிற அளவுக்கு அந்தக் கதையில் வரும் அரசாணையை நாம் பேசுவதில்லை. வைகை கரையை உடைத்தபோது அரிமர்த்தன பாண்டியன், வீட்டுக்கு ஓர் ஆள் வர வேண்டும் என்று ஆணையிட்டான். கரையை அளந்து ஆளுக்கொரு பங்கு பிரித்தார்கள். ஆளற்ற வந்திக்கும் பங்கு விழுந்தது. புராணத்தை அப்படியே சரித்திரமாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆனால், வெள்ளத்தை இந்த ஊர் எப்படி எதிர்கொண்டது என்ற நினைவு அதில் பத்திரமாக இருக்கிறது.

அந்த நினைவோடு இன்றைய கண்மாய்களைப் பார்ப்போம். மதுரைக்கு வடமேற்கே, வைகையின் வடகரைப் பக்கம் சமயநல்லூரையும் விளாங்குடியையும் ஒட்டியிருக்கிறது பரவை. இன்று மொத்தக் காய்கறி மார்க்கெட்டுக்குப் பேர்போன ஊர். பரவை முதல் செல்லூர் வரையிலான இந்தச் சமவெளியில் எந்தக் கண்மாயும் தனித்து நிற்பதில்லை. மேல் கண்மாய் நிரம்பி வழியும் மறுகால்தான் கீழ்க் கண்மாய்க்கு வரத்து. ஐப்பசி, கார்த்திகையில் கொட்டும் மழையை இந்தத் தொடர் கை மாற்றிக் கை மாற்றி ஆற்றில் சேர்க்கும். நடுவில் ஒன்று அடைபட்டாலும் போதும், தண்ணீர் ஊருக்குள் வந்துவிடும்.

மறுகால் வெளியேறும் பழைய கலுங்குகளில் வரிசையாகக் குத்துக்கல் நட்டிருப்பதை இன்றும் பார்க்கலாம். மழைக்காலத்தில் கற்களுக்கு இடையே தண்ணீர் தாராளமாக வழிந்தோட விடுவார்கள். பருவம் முடியும் தறுவாயில் அந்த இடைவெளிகளைப் புல்கரணையும் களிமண்ணும் வைத்து அடைத்து, இன்னும் கொஞ்சம் தண்ணீரைத் தேக்கிக்கொள்வார்கள். எப்போது அடைப்பது, எப்போது எடுப்பது என்பது கண்மாய்த் தண்ணீரைக் கவனிக்கும் நீர்பாய்ச்சியின் பொறுப்பு. ஒரு நாள் தப்பினாலும் கரைக்கு ஆபத்து.

கோடையில் வண்டல் அள்ளுவது, மழைக்கு முன் கரையை உயர்த்துவது, உடைப்பு எடுத்தால் ஓடிப்போய் அடைப்பது எல்லாம் குடிமராமத்து. இந்த வழக்கத்தைக் கும்பினி ஆட்சி 1858-ல் சட்டமாக்கியது. மதராஸ் கட்டாய உழைப்புச் சட்டம் என்று பெயர். ஏரி, ஆற்றுக் கரைகள் உடையும் ஆபத்து வந்தால் அக்கம்பக்கத்தில் உள்ளவர்களை வேலைக்கு அழைக்க அதிகாரிகளுக்கு அது உரிமை தந்தது. ஆனால், கவனியுங்கள்: உடைப்பை அடைக்க அந்தச் சட்டம் அழைத்தது உழைக்கும் வகுப்பாரை மட்டுமே. பாண்டியன் ஆணையில் வீட்டுக்கு ஓர் ஆள். வெள்ளையர் சட்டத்தில் ஏழை வீட்டுக்கு மட்டும் ஆள். நியாயம் இல்லாத இடத்தில் ஊர் வழக்கம் எப்படி நிலைக்கும்? பிறகு பெரிய கண்மாய்கள் பொதுப்பணித் துறையின் கைக்குப் போக, கரை ‘நம்முடையது’ என்ற எண்ணமும் தேய்ந்தது.

1959-ல் வைகை அணை திறக்கப்பட்டதும் ஆற்று வெள்ளம் பற்றிய பயம் குறைந்தது. ஆனால், அணைக்குக் கீழே பெய்யும் மழையை அணை எப்படித் தடுக்கும்? 1993 நவம்பர் வெள்ளத்தில் மதுரை பெரிய விலை கொடுத்தது. 2024 அக்டோபர் 25 அன்று பிற்பகல் 3 மணியிலிருந்து பதினைந்தே நிமிடத்தில் 4.5 செ.மீ. மழை கொட்டியது. அன்றைய மொத்த மழை 9.8 செ.மீ. செல்லூர், கட்டபொம்மன் நகர் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. செல்லூர் கண்மாயிலிருந்து வைகைக்கு 290 மீட்டர் நீளத்தில் சிமென்ட் கால்வாய் கட்ட அரசு 11.9 கோடி ரூபாய் ஒதுக்கியது. தேவையான வேலைதான். ஆனால் வியாதி அந்த 290 மீட்டரில் மட்டும் இல்லை. மேலே இருக்கிற கண்மாய்களும், வீட்டுமனைகளாகிவிட்ட வரத்துக் கால்வாய்களும் சரியாகாமல் செல்லூருக்கு விடிவு கிடையாது.

பரவை, விளாங்குடி, ஆனையூர் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஐப்பசி பிறக்கும் முன் உங்கள் ஊர்க் கண்மாயின் கலுங்கு வரை ஒருமுறை நடந்து போய்ப் பாருங்கள். மறுகால் போகும் வழியில் அடைப்போ ஆக்கிரமிப்போ இருந்தால் படம் எடுத்து, கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர் கூட்டத்தில் மனுவாகக் கொடுங்கள். வீட்டுக்கு ஓர் ஆள் வந்தால் போதும்.