துரைக்கும் சீட்டுக் கிழிந்தது

மலைநாட்டு வரலாற்றுத் தொடர் – 9

(சென்ற வாரம்: 1936இல் அவுஸ்திரேலியாவிலிருந்து கப்பலேறி, தேயிலைத் தொழில் பழக இலங்கைக்கு வந்தான் மார்க் அந்தனி பிரேஸ்கேர்டில். துரைமார் பேச்சில் அவன் ஒரு 'கிரீப்பர்'. மடுல்கலை ரெலுகாஸ் தோட்டத்தில் தொழிலாளர் பக்கம் நின்றான், வேலை போனது.)

வேலை போனதும் வந்த வழியே திரும்பிப் போவான் என்றுதான் துரைமார் நினைத்தார்கள். அவன் போய்ச் சேர்ந்ததோ லங்கா சமசமாஜக் கட்சியில்.

1937 ஏப்ரல் 3, நாவலப்பிட்டி. சுமார் 2,000 தோட்டத் தொழிலாளர் கூடியிருந்தார்கள். கட்சி கூட்டிய கூட்டம் அது. இந்தியாவிலிருந்து வந்திருந்த கமலாதேவி சட்டோபாத்யாயவும் பேசினார். பிறகு கட்சித் தலைவர்களில் ஒருவரான என்.எம். பெரேரா எழுந்து, நம்மோடு வெள்ளைக்காரத் தோழர் ஒருவரும் இருக்கிறார், அவரும் பேசுவார் என்று அறிவித்தார்.

பிரேஸ்கேர்டில் மலையுச்சி பங்களாக்களைச் சுட்டிக் காட்டினான். அங்கே நடக்கும் சுகபோகம் யாருடைய உழைப்பில் என்று விளக்கினான். துரைமாரின் தில்லுமுல்லுகளை எல்லாம் அம்பலப்படுத்தப் போவதாகவும் சொன்னான். அவன் பேச்சு நின்ற இடமெல்லாம் கூட்டம் "சாமி, சாமி" என்று குரல் கொடுத்ததாக அன்றைய அறிக்கையொன்று பதறிப்போய் எழுதிவைத்திருக்கிறது. பதறாமல் என்ன செய்யும்? துரையைக் கண்டால் தலைத்துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒதுங்கி நின்ற சனம் அல்லவா அது!

இந்த இடத்தில் கதையைச் சற்று நிறுத்தி ஒன்று சொல்லியாக வேண்டும். இன்று நல்லதண்ணித் தோட்ட லயங்களில் பிள்ளைகள் தொலைக்காட்சியில் வியாபாரப் போட்டி பார்க்கிறார்கள். நடுவர் ஒருவனை வீட்டுக்கு அனுப்பினால் போதும், சோறு ஆறிப்போகிற வரைக்கும் வாக்குவாதம்தான்: "அவனைப் பேச விட்டாங்களா? தப்புப் பண்ணினவன் உள்ளே இருக்கான், இவனை எதுக்கு அனுப்புறாங்க?" நியாயமான கேள்வி. இவர்களின் பூட்டன் அந்தக் கேள்வியை, காலையில் பேர் கொடுக்கும் பிரட்டுக்களத்தில் கேட்டிருந்தால் கையில் வேலைநீக்கப் பற்றுச்சீட்டுத்தான் விழுந்திருக்கும். தோட்டத்துப் பெயர்ப்பதிவான செக்ரோலில் பேர் வெட்டுப்பட்டால் சம்பளத்தோடு அது நிற்காது. குடியிருக்கும் லயக்காம்பராவும் தோட்டத்துக்குச் சொந்தம். சட்டி பானை, பிள்ளைகுட்டியோடு மலையிறங்க வேண்டியதுதான். குற்றம் சாட்டுவதும் துரை, சாட்சியும் துரை, தீர்ப்பும் துரை. அப்படி இறங்கிப் போனவர்களுக்காக எந்தச் சபையும் கூடவில்லை. தொழில் பழக வந்த ஒரு வெள்ளைக்காரப் பையன்மேல் கை வைத்தபோதுதான் கொழும்பே எழுந்து உட்கார்ந்தது. இதில் எனக்கு ஒரு கசப்பு உண்டு, மறைப்பானேன்? அவனைக் குறை சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் அவனும் ஒரு நாள் பெரியதுரை ஆகியிருப்பான்.

ஏப்ரல் 22. ஆளுநர் சேர் ரெஜினோல்ட் ஸ்டப்ஸின் உத்தரவு அவன் கைக்கு வந்தது. 24ஆம் தேதி மாலை 6 மணிக்குள் 'மூல்தான்' கப்பலில் நாட்டை விட்டுப் போய்விட வேண்டும். வழக்கும் இல்லை, விசாரணையும் இல்லை. 1896ஆம் ஆண்டு அரசாணை ஒன்றைத் தூசி தட்டி எடுத்திருந்தார்கள்.

மாலை 6 மணியானது. கப்பல் காத்திருந்தது, ஆளைக் காணோம்!

கட்சி அவனை ஒளித்துவிட்டது. பொலிஸ் சல்லடை போட்டுத் தேடியது. மே தின ஊர்வலத்தில், பிரேஸ்கேர்டில் வேண்டும், ஸ்டப்ஸை நாடு கடத்து என்று தட்டிகள் எழுந்தன. மே 5 அன்று, பொறுப்பான அமைச்சரைக் கலக்காமல் ஆளுநர் நடந்துகொண்டார் என்ற கண்டனத் தீர்மானம் அரசாங்க சபையில் நிறைவேறியது. ஆதரவு 34, எதிர்ப்பு 7. அதே நாள் காலிமுகத்திடலில் பெருங்கூட்டம். தலைவர்கள் ஒவ்வொருவராகப் பேசி முடித்ததும் மேடையில் தோன்றினான், நாடே தேடிக்கொண்டிருந்த அந்தப் பையன். பொலிஸார் நின்று பார்த்தார்கள். அத்தனை சனத்துக்கு நடுவே கை வைக்க முடியுமா?

ஓரிரு நாளில், கட்சிச் செயலாளர் வேர்னன் குணசேகரவின் ஹல்ஸ்டோர்ப் வீட்டில் வைத்துப் பிடித்துவிட்டார்கள். உடனே ஆட்கொணர்வு மனு போனது. வாதாட வந்தவர் எச்.வி. பெரேரா, அன்றைய பெரிய வழக்கறிஞர், ஒரு சதம் கூலி வாங்கவில்லை. பிரதம நீதியரசர் சேர் சிட்னி ஏபிரகாம்ஸ் தலைமையில் மூன்று நீதிபதிகள் அமர்ந்தார்கள்.

கேள்வி ஒன்றுதான். யுத்தமோ கலகமோ இல்லாத நாளிலும், தனக்குப் பிடிக்காத ஒருவனை ஆளுநர் இந்த ஆணையைக் காட்டிக் கப்பலேற்றலாமா? ஏற்றலாம் என்றால், நாளைக்கு எந்தக் கூட்டத்தில் யார் வாய் திறப்பார்கள்? நீதிபதிகளை அமர்த்தியதும் பிரித்தானிய முடிதான், ஆளுநரை அனுப்பியதும் அதே முடிதான்.

மே 18. நீதியரசர்கள் தீர்ப்புச் சொல்ல வந்து அமர்ந்தார்கள்…

(தொடரும்)

அடுத்த வாரம்: வென்றது யார்? 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்துத் தொழிலாளி கோவிந்தன் சுடப்பட்டபோது, வெள்ளைக்காரப் பையனுக்குக் கிடைத்த நீதி மலையேறி வந்ததா?