கிளையிலேயே தீரும் கணக்கு: உவர்க்கரைச் சப்போட்டாவும் கால்சியம் தெளிப்பும்

மீன் கெடுவதை ஐஸ் தள்ளிப்போடும். வலையேறியபோது இல்லாத தரத்தை அது தராது. பழவேற்காட்டு மீனவர் அறிந்த இவ்வுண்மை சப்போட்டாவுக்கும் பொருந்தும். பறித்த சப்போட்டா அறை வெப்பத்தில் ஏறக்குறைய ஒரு வாரத்தில் பழுத்துக் குழைந்துவிடும். மிகுந்த குளிரில் வைத்தாலோ குளிர்க்காயம் பட்டுச் சரியாகப் பழுக்காது. எனவே அதன் தாங்குநாளை, அதாவது பறித்தபின் கெடாமல் நிற்கும் நாள்களை, கிடங்கில் தேடுவதைவிடக் கிளையில் தேடுவதே முறை.

பழவேற்காட்டுப் பக்கத்துத் திருப்பாலைவனம் என்ற ஊரின் பெயரில் உள்ள பாலை மரம் இங்கே கருதத்தக்கது. தமிழ்நாட்டில் சப்போட்டா ஒட்டுக்கட்டப் பயன்படும் வேர்ச்செடி இதே பாலைதான். சப்போட்டாவும் உவரை ஓரளவு தாங்கும். ஆனால் மரம் உப்பைத் தாங்குவது வேறு, பழம் தரத்தோடு நிற்பது வேறு. மீஞ்சூர்ப் பகுதி நிலத்தடி நீரில் அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் கடல்நீர் ஊடுருவியுள்ளது. அந்நீரில் மிகும் சோடியம், வேர் கால்சியத்தை உறிஞ்சுவதைத் தடுக்கும்.

கால்சியம் செல்சுவர்களுக்கிடையே பெக்டினைப் பிணைக்கும் சாந்து. அப்பிணைப்பு உறுதியானால் பெக்டினைச் சிதைக்கும் நொதிகளின் வேலை மந்தமாகும். பழம் மெல்லவே மென்மையாகும். ஆனால் கால்சியம் நீரோட்டத்தோடு நீராவிப்போக்கு மிகுந்த இலைக்கே பெரிதும் செல்கிறது. இலையில் சேர்ந்தது பழத்துக்குத் திரும்பி வருவதும் அரிது. ஆகவே ஜிப்சம் இட்டாலே போதும் என்ற வாதம் பாதி உண்மைதான். ஜிப்சம் களிமண்ணில் ஒட்டிய சோடியத்தை விலக்கி மண்ணைத் திருத்தும். பழத்துக்குள் கால்சியம் சேரும் என்பதற்கு அது உறுதி தராது. பிஞ்சின் தோல்மேலேயே தெளிக்க வேண்டியிருப்பது இதனால்தான்.

எந்தக் கால்சியம் உப்பைத் தெளிப்பது? கால்சியம் குளோரைடு மலிவு. ஆனால் குளோரைடு ஏற்கெனவே மிகுந்த தோப்பில் அது இலைக்கருகலைக் கூட்டக்கூடும். இக்கரைக்குக் குறைந்த செறிவில் கால்சியம் நைட்ரேட்டே முதலில் சோதிக்கத் தக்கது. அதன் தழைச்சத்தை உர அளவில் கழித்துக்கொள்ள வேண்டும்; தழைச்சத்து மிகுந்தால் பழம் பருத்து, உள்ள கால்சியமும் நீர்த்துப்போகும்.

தெளிக்கும் காலம்தான் கடினமான சிக்கல். மாமரத்தைப் போலன்றி, சப்போட்டாவில் பூவும் பிஞ்சும் காயும் ஒரே கிளையில் நிற்கும். ஒருநாள் தெளிப்பு வெவ்வேறு வயதுக் காய்கள்மீது விழுகிறது. மரத்துக்கு ஒரு சராசரி கணக்கிடும் சோதனை இங்கே ஏமாற்றும். பிஞ்சிலேயே தேதிச்சீட்டுக் கட்டி, ஒவ்வொரு காயும் எந்த வயதில் தெளிப்பைப் பெற்றது எனக் குறிக்க வேண்டும். தோலின் பழுப்புத்தூள் உதிர்ந்து, நகத்தால் கீறினால் பச்சைக்குப் பதில் மஞ்சள் கோடு தெரியும் காய்களை மட்டும் பறித்துத் தாங்குநாளை எண்ண வேண்டும். முற்றாத காய் கலந்தால் அதன் குறை தெளிப்பின்மேல் விழும்.

வாங்குவோர் கூடையில் அழுத்திப் பார்க்கும் அந்த உறுதி, பல மாதங்களுக்கு முன் பிஞ்சுத் தோலில் தங்கிய ஈரத்தில் தொடங்குகிறது. உவர்க்கரை உழவருக்கான ஆய்வு அங்கிருந்தே தொடங்கட்டும்.