ரம்புக்கனை ஏற்றமும் மோட்டார் சைக்கிளின் புகைக்குழாயும்

கொழும்பிலிருந்து கண்டிக்குப் போகும் புகையிரதப் பாதை ரம்புக்கனையைத் தாண்டியதும் மலையேறத் தொடங்குகிறது. ஏறத்தாழ 45 அடிக்கு ஓரடி உயரும் கடுகண்ணாவை ஏற்றம் அது. கோப்பித் தோட்டங்களின் விளைச்சலைத் துறைமுகத்துக்குக் கொண்டுசெல்லவென 1867இல் கண்டிவரை போடப்பட்ட பாதை. நீராவிக் காலத்தில் பாரமான வண்டிகளை இந்த ஏற்றத்தில் ஓர் எஞ்சின் தனித்து இழுக்க இயலாது. ரம்புக்கனையில் இன்னோர் எஞ்சினையும் பூட்டுவார்கள்.

மோட்டார் சைக்கிளைப் பற்றி எழுத வந்தவன் புகையிரதத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பதற்குக் காரணம் உண்டு. வெளியேறும் புகைதான் உள்ளே எரியும் நெருப்பை ஆள்கிறது என்பதை இந்த மலையில் முதலில் கண்டவர்கள் நீராவி எஞ்சின் சாரதிகளாகவே இருந்திருப்பார்கள். வேலை முடித்த நீராவி, புகைப்பெட்டிக்குள் நிற்கும் ஒரு குழாய்வழியே பீறிட்டு வெளியேறும்போது அடுப்பினூடாகக் காற்றை இழுக்கும். எஞ்சின் கடுமையாக உழைக்க உழைக்க நெருப்பும் தானாகவே மூளும். 1829இல் ஸ்டீவன்சனின் ரொக்கெட் எஞ்சினிலேயே இந்த உபாயம் இருந்தது. குழாயின் வாயை ஒடுக்கினால் இழுவை கூடும். ஆனால் எதிரழுத்தம் ஏறி எஞ்சின் திணறும். அகட்டினால் நெருப்பு மந்தமாகும்.

மோட்டார் சைக்கிளில் அடுப்பும் சிலிண்டரும் ஒன்றே. தொழிற்சாலை பூட்டிய சைலன்சரைக் கழற்றிவிட்டுத் தடை குறைந்த வேறொன்றைப் பூட்டினால், புகை எளிதில் வெளியேறும். புதிய காற்று கூடுதலாக உள்ளே வரும். காபரேட்டரின் ஜெட் துவாரமோ பழைய அளவிலேயே நிற்கும். ஒரு பங்கு பெற்றோலுக்கு நிறையில் 14.7 பங்கு காற்று என்பதே முழுமையாக எரிவதற்கான கணக்கு. காற்று மிகுந்தால் வேகத்தைக் குறைக்கும்போது குழாய் படபடவென்று வெடிக்கும், எஞ்சின் சூடேறும், பிளக்கின் முனை வெளுக்கும். சத்தம் கூடியதை வேகம் கூடியதாக எடுத்துக்கொள்ளும் இளைஞர்கள் இதைக் கவனிப்பதேயில்லை.

ஆகவே சைலன்சரை மாற்றியவர் காபரேட்டரையும் திறக்கத்தான் வேண்டும். நின்ற நிலை ஓட்டத்துக்குச் சிறிய ஜெட்டும் அதனருகிலுள்ள திருகாணியும். நடுத்தர ஓட்டத்துக்கு ஊசி. முழுவேகத்துக்குப் பெரிய ஜெட். ஊசியை ஒரு படி உயர்த்தி, பெரிய ஜெட்டை ஓர் இலக்கம் கூட்டி, ஓட்டிப் பார்த்துப் பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். இளங்கபில நிறம் வந்தால் சரி. கரி படிந்தால் பெற்றோல் மிகுதி. மலைநாட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்திலும் ஏறத்தாழ ஆறிலொரு பங்கு குறைவு. ரம்புக்கனையில் சரிபார்த்த கலவை அங்கே பெற்றோல் மிகுந்ததாகிவிடும்.

கூட்டிய இலக்கத்துக்கும் ஒரு விலை உண்டு. 2022 ஏப்ரல் 19ஆம் திகதி 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 254 ரூபாவிலிருந்து 338 ரூபாவாக உயர்ந்தது. அன்று ரம்புக்கனையில் எரிபொருளுக்குக் காத்து நின்றவர்கள் வீதியையும் புகையிரதப் பாதையையும் மறித்தார்கள். பொலிஸார் சுட்டதில் ஒருவர் உயிரிழந்தார், பலர் காயமடைந்தனர். 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய யாழ்ப்பாணத்தவர்களுக்கு எரிபொருளின் அருமையை எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை; தெற்கு அதை அறிந்தது அந்த ஆண்டில்தான்.

அவ்வாண்டு ஜூலையில் எரிபொருள் அட்டை முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் என்று வரையறுத்தார்கள். லீற்றருக்கு 50 கிலோமீற்றர் ஓடும் வண்டி, கலவை கூடியதால் 45 மட்டுமே ஓடுகிறதென்று வைத்துக்கொள்வோம். வாரத்துக்கு இழப்பு 20 கிலோமீற்றர். ரம்புக்கனையிலிருந்து கடுகண்ணாவைக்குப் புகையிரதம் ஏறும் தூரம் ஏறத்தாழ அவ்வளவுதான்.