மலையிலிருந்து இறங்கிய சுமைகள்



பெரிய ட்ரோன் ஒன்று மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு ஆளில்லாமல் பறக்கும் வீடியோவை ஒரு மாணவி குழுவில் போட்டு, "இது வந்தா சிறுமலைக் குதிரைக்காரங்க கதி என்ன டீச்சர்?" என்று கேட்டிருந்தாள். பதில் கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

நூறு வருஷத்துக்கு முன்பே நம் பக்கத்து மலையில் சரக்கு அந்தரத்தில் இறங்கியிருக்கிறது. மூணாறு தேயிலையை டாப் ஸ்டேஷன் வரை கொண்டுவர 1902இல் ஒற்றைத் தண்டவாளம் போட்டார்கள். இழுத்தது இன்ஜின் அல்ல, மாடு! 1908இல் அது சிறு ரயிலாக மாறியது. டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலை கம்பிவடத்தில் தொங்கியபடி சுமார் 5 கிலோமீட்டர் இறங்கி, போடி அருகே கொட்டகுடிக்கு வந்தது. அங்கிருந்து மாட்டுவண்டி. போடிக்கு ரயில் வந்ததே 1928இல்தான். அதுவரை அந்தப் பக்கத்துக்கு ரயிலடி என்றால் நம் அம்மையநாயக்கனூர்தான், அதாவது கொடைரோடு. 1924 வெள்ளம் மூணாறு ரயிலை அடித்துக்கொண்டு போய்விட்டது. பிறகு சாலையும் லாரியும் வந்தன. கம்பிவடமும் நின்றுபோனது. கொட்டகுடி வழியாக யாரும் தேயிலை அனுப்புவதில்லை.

கொடைக்கானலிலும் இதே கதைதான். பெரியகுளம் பக்கம் கும்பக்கரையிலிருந்து வெள்ளகவி வழியாக ஏறுவது பழைய பாதைகளில் ஒன்று. வெள்ளைக்காரர்கள் டோலியில் உட்கார்ந்து மலையேறிய காலம் அது. (தூக்கியவர்களின் தோளைப் பற்றி எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் படித்ததில்லை.) முதல் உலகப்போர்க் காலத்தில் வத்தலக்குண்டு வழியாக மோட்டார் சாலை முடிந்ததும் போக்குவரத்தெல்லாம் அந்தப் பக்கம் போய்விட்டது. வெள்ளகவி அப்படியே நின்றது. அரிசி, பருப்பு குதிரையில். நோயாளி என்றால் டோலியில். கொடைக்கானலுக்கு மூத்த ஊர் அது!

ட்ரோனுக்கு வருகிறேன். 2023 பிப்ரவரியில் ரிஷிகேஷ் எய்ம்ஸிலிருந்து டெஹ்ரி மாவட்ட மருத்துவமனைக்குக் காசநோய் மருந்து ட்ரோனில் போனது. சுமார் 40 கிலோமீட்டரை அரைமணியில் கடந்தது. நல்ல வேலைதான். ஆனால் எடை 2 கிலோ, நம் கணக்கில் ஒரு சீப்பு வாழைப்பழம். பேட்டரியே பாரம், அதையும் சேர்த்துத் தூக்கியாக வேண்டும். நம் நாட்டு 2021 ட்ரோன் விதிகளில் சுமையோடு சேர்த்து 150 கிலோவைத் தாண்டினால்தான் 'பெரிய' வகை. டன் கணக்கில் தூக்கியதும் உண்டு: 2011 முதல் ஆப்கானிஸ்தானில் அமெரிக்கப் படை ஆளில்லாத கே-மேக்ஸ் ஹெலிகாப்டரில் முகாம்களுக்குச் சரக்கு அனுப்பியது. சாலையில் கண்ணிவெடி. அதனால் செலவைப் பார்க்கவில்லை.

இப்போது அவள் கேள்விக்கு வருவோம். சிறுமலைக் குதிரைக்காரர்களின் பெரிய நடையைப் பறித்தது ட்ரோன் இல்லையம்மா, 18 கொண்டை ஊசி வளைவுள்ள தார்ச்சாலை. அதற்கு முன் வாழைத்தாரும் எலுமிச்சையும் பலாவும் குதிரை முதுகில்தான் மலையிறங்கின. இன்று தோட்டத்திலிருந்து சாலை வரைக்கும்தான் குதிரைக்கு வேலை. அந்தக் கடைசித் துண்டைத்தான் ட்ரோன் கேட்கும். கேட்டால் முதலில் எங்கே கேட்கும்? கூலி கட்டுப்படியாகும் தோட்டத்தில். வெள்ளகவிக்குப் பிரசவ நேரத்து மருந்து கொண்டுபோவதில் எந்தக் கம்பெனிக்கும் லாபம் இல்லை. அதை அரசாங்கம்தான் செய்யவேண்டும், அதற்கு 2 கிலோ தூக்குகிற ட்ரோனே போதும்.

சிறுமலைப் பக்கம் இருக்கும் பிள்ளைகள், உங்கள் ஊரில் இப்போது எத்தனை பொதிக்குதிரைகள் இருக்கின்றன, ஒரு நடைக்கு என்ன கூலி என்று கமெண்டில் எழுதுங்கள்.