அடர்த்திப் பாடமும் அளவையின் வரலாறும்

"அடர்த்தி என்பது யாது?" என்று ஆசிரியர் வினவுகிறார். "ஓரலகு கனவளவின் திணிவே அடர்த்தி" என்று எட்டாம் வகுப்பு ஒரே குரலில் விடை பகர்கிறது. கரும்பலகையிலே சமன்பாடு எழுதப்படுகிறது, இரண்டு கணக்குகள் செய்யப்படுகின்றன, மணி அடிக்கிறது, பாடம் முடிகிறது. அதே மாணாக்கனை வீதியிலே மறித்து, "ஒரு கிலோ இரும்பு பாரமா, ஒரு கிலோ பஞ்சு பாரமா?" என்று கேட்டால், அவன் சற்றே தயங்கி, "இரும்புதான்" என்கிறான். வரைவிலக்கணத்தை அறிந்தவன் அதன் பொருளை அறியவில்லை.

இதற்கு மாணாக்கனைக் குறை கூறுவது நியாயமன்று. திணிவு, கனவளவு, அடர்த்தி என்னும் மூன்றும் அவனுக்கு வானத்திலிருந்து விழுந்த சொற்களாகவே அறிமுகமாகின்றன. மனிதர் இவற்றை வேறுபடுத்தி அறிய ஏன் நேர்ந்தது, அறியாதிருந்த காலத்திலே இழந்தவர் யார், ஈட்டியவர் யார் என்பதை எந்தப் பாடநூலும் அவனுக்குச் சொல்வதில்லை. அந்த வரலாற்றின் ஒரு பகுதியையேனும் நாம் ஈண்டு நோக்குதல் வேண்டும். அதற்கு ஏற்ற களம், புரட்சிக்கு முந்திய பிரான்சு.

பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரான்சிலே தானியம் பெரும்பாலும் நிறுக்கப்படவில்லை, அளக்கப்பட்டது. 'புவாசோ' என்னும் மரப்பாத்திரமே குடியானவன் தன் பிரபுவுக்குச் செலுத்த வேண்டிய தானியத்தை அளந்த கருவி. பெயர் ஒன்றேயாயினும் ஊருக்கு ஊர் அதன் கொள்ளளவு வேறுபட்டது. அக்காலப் பிரான்சில் ஏறத்தாழ 800 அளவைப் பெயர்கள் வழங்கின என்றும், அப்பெயர்களின் கீழ் இடத்துக்கிடம் மாறிய அளவைகள் 2,50,000 வரை இருந்தன என்றும் வரலாற்றாசிரியர் கணித்துள்ளனர். பாத்திரத்தின் அளவை நிர்ணயிக்கும் உரிமை பல இடங்களில் பிரபுவின் கையிலேயே இருந்தது. வாங்குபவனே அளவுகோலையும் வைத்திருந்தான் என்பதே இதன் பொருள்.

பாத்திரத்தின் அளவு மாறாதிருந்தபோதும் மோசடிக்கு வழி இருந்தது. இங்கேதான் நமது பாடம் தொடங்குகிறது. தானியத்தை மெதுவாக, பாத்திரத்தின் விளிம்பருகிலிருந்து சொரிந்தால், மணிகளுக்கிடையே காற்று மிகுதியாகத் தங்கும். தோளுயரத்திலிருந்து சொரிந்தால், அல்லது பாத்திரத்தைக் குலுக்கினால், மணிகள் நெருங்கி அடைந்துகொள்ளும். கனவளவு அதுவே, அதனுள் அடங்கும் தானியத்தின் திணிவோ கூடிவிடுகிறது. குவியலின் அடர்த்தி உயர்ந்துவிட்டது என்று விஞ்ஞானம் கூறும். குடியானவன் வீட்டிலே ஓரப்பம் குறைந்துவிட்டது என்று வாழ்க்கை கூறும். ஐரோப்பாவின் பல பகுதிகளில், தானியத்தை எவ்வுயரத்திலிருந்து சொரிவது என்பதே பிரபுவுக்கும் குடியானவனுக்கும் இடையே ஓயாத பூசலாக இருந்ததன் காரணம் இதுவே.

தலைவழித்து அளப்பதா, குவித்து அளப்பதா என்பது மற்றொரு பூசல். இதனைக் கணக்காகவே மாணாக்கர் முன் வைக்கலாம். 25 இலீற்றர் கொள்ளும் இரண்டு உருளைப் பாத்திரங்களை எடுத்துக்கொள்வோம். ஒன்றின் ஆரை 10 சதமமீற்றர், உயரம் 80 சதமமீற்றர். மற்றதன் ஆரை 20 சதமமீற்றர், உயரம் 20 சதமமீற்றர். தலைவழித்தால் இரண்டும் சமம். குவித்து அளக்கும்போது, குவியலின் உயரம் ஆரையின் பாதி எனக் கொண்டால், ஒடுங்கிய பாத்திரத்தின் மேல் நிற்கும் கூம்பு அரை இலீற்றரைச் சற்றே தாண்டும். அகன்ற பாத்திரத்தின் மேல் நிற்பதோ நான்கு இலீற்றருக்கும் அதிகம். முன்னதில் நூற்றுக்கு 2 பங்கு மிகை. பின்னதில் நூற்றுக்கு ஏறத்தாழ 17 பங்கு மிகை. சட்டத்தில் ஓரெழுத்தும் மாறவில்லை. பாத்திரத்தின் கொள்ளளவும் மாறவில்லை. அதன் வடிவம் மட்டும் மாறியது. கூம்பின் கனவளவை அறியாத உழவன் தான் எங்கே இழந்தான் என்பதை நிறுவ முடியாமற் போனான். ஆனால் இழந்தான் என்பதை அவன் நன்கு உணர்ந்திருந்தான்.

அவ்வுணர்வு 1789இல் எழுத்துருப் பெற்றது. மன்னன் பொதுச்சபையைக் கூட்டியபோது நாடெங்கும் தொகுக்கப்பட்ட முறைப்பாட்டேடுகளில், பிரபுக்களின் அளவைகளைப் பற்றிய குறைகள் மீண்டும் மீண்டும் இடம்பெற்றன. நாட்டுக்கு ஒரே சட்டமும் ஒரே நிறையும் ஒரே அளவும் வேண்டும் என மக்கள் கோரினர். 1790இல் தலேராண் இக்கோரிக்கையைத் தேசிய சபையின் முன் வைத்தார். 1791 மார்ச்சு மாதத்தில், வட துருவத்திலிருந்து மத்திய கோடு வரையுள்ள தூரத்தின் ஒரு கோடியில் ஒரு பங்கே மீற்றர் என்று சபை முடிவு செய்தது. எந்த மன்னனின் பாதமும் எந்தப் பிரபுவின் முழமும் இனி அளவாகாது. மாந்தர் யாவர்க்கும் பொதுவான பூமியே அளவாகும் என்பது இம்முடிவின் உட்கருத்து. டன்கேர்க்கிலிருந்து பார்சலோனா வரை நிலத்தை அளக்கும் பணியில் தெலாம்பரும் மெஷேனும் 1792 முதல் ஏழாண்டுக் காலம் உழைத்தனர்.

நீளத்துக்குப் பூமி அளவாயிற்று. திணிவுக்கு எதனை அளவாக்குவது? எங்கும் கிடைப்பதும், தூய்மையாக்கக் கூடியதுமான நீர் தெரிந்தெடுக்கப்பட்டது. 1795 ஏப்பிரில் 7ஆம் நாட் சட்டம், ஒரு கன சதமமீற்றர் தூய நீர், பனிக்கட்டி உருகும் வெப்பநிலையில் கொண்டுள்ள நிறையே ஒரு கிராம் என வகுத்தது. நீரின் அடர்த்தி கன சதமமீற்றருக்கு ஒரு கிராம் என்று நமது மாணாக்கர் மனனம் செய்கின்றனரே, அது இயற்கையின் தற்செயலன்று. நீரைக் கொண்டே கிராம் ஆக்கப்பட்டமையால் அவ்வெண் ஒன்றாயிற்று. இந்த ஒரு செய்தியை வகுப்பிலே கூறினாலே, அடர்த்திப் பாடத்தின் பாதி இருள் நீங்கிவிடும்.

இப்பணியின் தொடக்கத்தில் ஈடுபட்டவர்களுள் ஒருவர் லவோசியர். 1793இன் முற்பகுதியில் அவரும் ஆயுயியும் குறித்த கனவளவு நீரின் நிறையைத் துணிந்தனர். விஞ்ஞானியாகிய லவோசியரே, மக்களிடம் வரி அறவிடும் உரிமையைக் குத்தகைக்கு எடுத்திருந்த கூட்டத்தின் பங்காளியுமாவார். அக்கூட்டத்தினர் புகையிலையில் நீர் கலந்து நிறையைக் கூட்டி விற்றனர் என்பது அவர்கள் மீது சுமத்தப்பட்ட குற்றங்களுள் ஒன்று. அவர்கள் அதனை மறுத்தனர். எனினும் 1794 மே 8ஆம் நாள் லவோசியரும் அவர்தம் சகாக்களும் தலை துணிக்கப்பட்டனர். ஒரு பெரும் அறிவு அணைக்கப்பட்டது குறித்து நாம் வருந்துகிறோம். அதே வேளை, நீர் கலந்த பண்டத்தின் நிறை மக்கள் மனத்தில் எத்துணை ஆழமான வடுவை ஏற்படுத்தியிருந்தது என்பதையும் மறத்தலாகாது.

லவோசியர் விட்ட பணியை லெபெவ்ர் ஜினோவும் புளோரன்சு நகரத்துப் பப்ரோனியும் முடித்தனர். நீர் மிக அடர்த்தியாக இருப்பது பனிக்கட்டி உருகும் வெப்பநிலையிலன்று, ஏறத்தாழ 4 பாகை சதமவளவிலேயே என்பதை உணர்ந்து, அவ்வெப்பநிலையையே அவர்கள் அளவாகக் கொண்டனர். அவர்களின் முடிவுக்கமையச் செய்யப்பட்ட பிளாத்தினக் கிலோகிராம் 1799 யூன் 22இல் பாரிசு ஆவணக்காப்பகத்தில் வைக்கப்பட்டது. ஒரு கன தசமமீற்றர் நீரின் திணிவுக்கும் அதற்கும் இடையே பத்து இலட்சத்தில் 28 பங்கு அளவே வேறுபாடு உண்டென்பது பின்னரே தெரியவந்தது. இக்கருவிகளைக் கொண்டு அத்துணை நுட்பம் எய்தியமை வியப்புக்குரியது. 1889இல் வேறோர் உலோக உருளை அதன் இடத்தைப் பெற்றது. 2019 மே 20 முதல் எந்த உலோகத் துண்டையும் சாராமல், பிளாங்கின் மாறிலியைக் கொண்டே கிலோகிராம் வரையறுக்கப்படுகிறது.

ஈண்டு மற்றொரு சிக்கலையும் அவிழ்த்தல் வேண்டும். 1795இன் சட்டம் நிறையைப் பற்றியே பேசிற்று. நிறையும் திணிவும் ஒன்றா? 1672இல் ரிஷே என்பார் தென்னமெரிக்காவின் கயேனுக்குச் சென்றபோது, பாரிசிலே செவ்வையாக ஓடிய ஊசற் கடிகாரம் அங்கே நாளொன்றுக்கு இரண்டரை நிமிடம் பிந்துவதைக் கண்டார். மத்திய கோட்டருகே பூமியின் இழுவை சற்றுக் குறைவு என்பதற்கு இது சான்றாயிற்று. நியூற்றன் 1687இல் வெளியிட்ட பெருநூலின் தொடக்கத்திலேயே, அடர்த்தியையும் கனவளவையும் கொண்டு சடப்பொருளின் அளவை வரையறுத்தார். அதுவே திணிவு. பாரிசிலிருந்து ஒரு கிலோகிராம் பொருளைக் கயேனுக்கு எடுத்துச் சென்றால் அதன் திணிவு சிறிதும் மாறாது. விற்றராசிலே மட்டும் அது ஏறத்தாழ மூன்று கிராம் குறைத்துக் காட்டும். கிலோகிராம் திணிவின் அலகே, நிறை என்பது ஒரு விசை என்று சர்வதேச மாநாடு ஐயந்திரிபறக் கூறியது 1901இலேதான். அறிஞர்க்கே தெளிவு பெறுவதற்கு இத்துணைக் காலம் சென்றதெனில், பதின்மூன்று வயதுச் சிறுவன் ஒரு வாரத்தில் மயங்குவது இயல்பேயாகும். சொற்களும் அவனை மயக்குகின்றன. ஈழத்துப் பாடநூல்கள் திணிவு, நிறை என வழங்குவனவற்றைத் தமிழகத்துப் பாடநூல்கள் முறையே நிறை, எடை என வழங்குகின்றன. இரு கரை நூல்களையும் பயிலும் மாணாக்கனுக்கு இதனை ஆசிரியரே எடுத்துரைத்தல் வேண்டும்.

இனி, மக்கள் கேட்டது மக்களுக்குக் கிடைத்ததா? இவ்வினாவுக்கு எளிதில் ஆம் எனக் கூறிவிட முடியாது. உழவர் கோரியது நேர்மையான பாத்திரம். அவர்களுக்குக் கிடைத்ததோ தலைநகரிலே பூட்டி வைக்கப்பட்ட பிளாத்தினத் துண்டும், வாயில் நுழையாத புதுப் பெயர்களும். அவர்கள் பழைய அளவைகளையே பற்றி நின்றனர். 1812இல் நெப்போலியன் ஆட்சி பழைய பெயர்களைக் கொண்ட அளவைகளுக்கு மீண்டும் இடமளித்தது. விஞ்ஞானம் தோற்றதென்று சிலர் எண்ணினர். உண்மையில் தோற்றது கற்பிக்காமற் சட்டமிடும் முறையே.

1833இல் கிசோவின் கல்விச் சட்டம், ஊர்தோறும் தொடக்கப் பாடசாலை வேண்டும் என விதித்தது. வாசிப்பு, எழுத்து, கணிதம் என்பவற்றோடு சட்டபூர்வமான நிறைகளையும் அளவைகளையும் கற்பித்தல் வேண்டும் என்றும் விதித்தது. 1837இல் இயற்றப்பட்ட சட்டப்படி, 1840 சனவரி முதலாம் நாள் மீற்றர் முறை கட்டாயமாயிற்று. இம்முறை அது நிலைத்தது. சட்டத்தின் வலிமை ஒருபுறம் இருக்க, அதற்கு முன்னரே கிராமத்துப் பிள்ளைகளின் கையில் அளவைகளைக் கொடுத்த பெயர் தெரியாத ஆசிரியர்களின் பங்கை நாம் குறைத்து மதிப்பிடலாகாது.

இவ்வரலாறு நமது வகுப்பறைக்கும் உரியது. 1970களில் நம் நாடு மீற்றர் முறைக்கு மாறத் தொடங்கியபோதிலும், நெல்லைப் பற்றிய பேச்சில் புசல் இன்றும் வாழ்கிறது. புசல் என்பது பிறப்பில் ஒரு கனவளவு: எட்டுக் கலன், அதாவது ஏறத்தாழ 36.4 இலீற்றர். ஒரு புசல் நெல் என்பதோ 46 இறாத்தல், அதாவது 20.9 கிலோகிராம் என்ற நிறைக் கணக்காகவும் வழங்குகிறது. ஒன்றை மற்றதால் வகுத்தால் இலீற்றருக்கு 574 கிராம் வரும். அது நெற்குவியலின் அடர்த்தி. ஒரு புசல் என்ற சொல்லுக்குள்ளேயே மாணாக்கனின் பாடம் முழுவதும் அடங்கியிருக்கக் காண்கிறோம்.

ஆகவே ஆசிரியர் சமன்பாட்டை முதலில் எழுதவேண்டியதில்லை. ஒரு வெற்றுத் தகரப் பேணியும், சிறிது நெல்லும், ஒரு தராசும் போதும். பேணியிலே நெல்லை மெல்லச் சொரிந்து தலைவழித்து நிறுக்கச் செய்க. பின்னர் உயரத்திலிருந்து சொரிந்து, தட்டித் தட்டி நிரப்பித் தலைவழித்து நிறுக்கச் செய்க. பேணி ஒன்றே, திணிவு வேறு. "கூடுதல் நெல் எங்கே இருந்தது?" என்று கேட்டால், மணிகளுக்கிடையே இருந்த காற்றைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பர். அடுத்து, நெல்லை உப்பு நீரில் இடச் செய்க. பதர் மிதக்கும், விளைந்த மணி அமிழும். விதை நெல் தெரிகின்ற உழவனின் கைமுறையே அடர்த்தியின் இரண்டாம் பாடம். இறுதியாக, அதே கனவளவு ஈர நெல்லையும் காய்ந்த நெல்லையும் நிறுத்து, நிறுத்து வாங்குதலிலும் அநீதிக்கு இடமுண்டா என ஆராயச் செய்க. அதன் பின்னர் சமன்பாட்டை எழுதினால், அது அவர்கள் தாமே கண்ட உண்மையின் சுருக்கெழுத்தாக விளங்கும்.

அளவை எவன் கையில் இருந்ததோ அவன் பக்கமே குவியல் உயர்ந்தது என்பது வரலாறு தரும் பாடம். நாளை நெல் விற்கப் போகும் பிள்ளை, தராசின் முன் நிற்கும்போது, எது மாறியது, எது மாறவில்லை எனத் தெளிந்து கேட்க வல்லவனாதல் வேண்டும். அவனை அவ்வாறு கேட்கச் செய்வதே விஞ்ஞான ஆசிரியரின் கடமை.