வெள்ளி இறங்கிய நாட்டில் செம்புக் காசு



ஒரு நாடு நொடித்துப்போக பஞ்சமோ படையெடுப்போ வர வேண்டும் என்றுதான் நாம் எண்ணுகிறோம். பணம் வந்து கொட்டும்போதே ஒரு நாடு தேங்கிப் போகுமா? போகும். 16, 17-ஆம் நூற்றாண்டுகளின் ஸ்பெயின் அப்படித்தான் போனது. அது நமக்கு முற்றிலும் அந்நியமான கதையுமல்ல. 1580 முதல் 1640 வரை போர்த்துக்கல் நாட்டின் முடியும் ஸ்பெயின் மன்னர்களின் தலையில்தான் இருந்தது. நம் முத்துக்குளித்துறைத் திருச்சபையின் புரவலர் என்ற உரிமையும் அந்த ஆண்டுகளில் அவர்களிடமே இருந்தது.

இன்றைய பொலிவியாவில் இருக்கும் பொட்டோசி மலையில் 1545-ஆம் ஆண்டு வெள்ளி கண்டுபிடிக்கப்பட்டது. அந்த மண்ணின் பூர்வகுடிகளைக் கட்டாய வேலைக்கு இறக்கி அதை வெட்டி எடுத்தார்கள். அந்தக் கொடுமை தனியாகப் பேச வேண்டிய ஒன்று. வெள்ளி கப்பல் கப்பலாக செவில் நகருக்கு வந்தது. ஐந்தில் ஒரு பங்கு மன்னருக்கு. இவ்வளவு வந்தும் இரண்டாம் பிலிப் மன்னர் 1557, 1575, 1596 ஆகிய ஆண்டுகளில் கடனைக் கட்ட முடியாமல் கையை விரித்தார். அவருடைய மகன் 1607-இல், பேரன் 1627-இலும் 1647-இலும் அதையே செய்தார்கள். கப்பல் கரைசேரும் முன்பே அந்த வெள்ளி போர்ச் செலவுக்காக ஜெனோவா நகரத்து வங்கியாளர்களுக்கு எழுதிக் கொடுக்கப்பட்டிருந்தது. கடைத்தெருவில் ஏழைகளின் கையில் புழங்கியதோ செம்புக் காசு. 1603-ஆம் ஆண்டு அதே காசின்மேல் புது முத்திரை குத்தி அதன் மதிப்பை இரட்டிப்பாக்கினார்கள். விலைவாசி என்ன ஆகியிருக்கும் என்று இல்லத்தரசிகளுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

மன்னர் போர் செய்தார், கடன்பட்டார், நாடு கெட்டது என்று இதை முடித்துவிடலாம். எனக்கு அதில் நிறைவில்லை. மன்னரின் கடனை யார் சுமந்தார்கள், அந்தக் கடனால் யார் வாழ்ந்தார்கள் என்று பார்க்க வேண்டும். அரசு வருவாயை ஈடாக வைத்துக் கடன் பத்திரங்கள் விற்கப்பட்டன. நூற்றுக்கு ஐந்து, ஏழு என்று ஆண்டுதோறும் வட்டி. தறி போட்டால் நட்டம் வரலாம், ஆடு வளர்த்தால் நோய் வரலாம். பத்திரம் வாங்கினால் வீட்டில் இருந்தபடியே சாப்பிடலாம். நெசவாலை வைத்திருந்தவர் மகனுக்குப் பத்திரம் வாங்கினார். பேரனுக்கு 'இடால்கோ' என்ற பிரபுப் பட்டம் வாங்கினார். அந்தப் பட்டம் இருந்தால் நேரடி வரி இல்லை, கடனுக்காகச் சிறை இல்லை. ஆனால் கைத்தொழில் செய்வது அந்தப் பட்டத்துக்கு இழுக்கு. வரி முழுவதும் உழுபவன் தலையில் ஏறியது. அவன் ஊரை விட்டுப் போனான்.

"கோழி மேய்த்தாலும் கும்பினியில் மேய்க்க வேண்டும்" என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள் அல்லவா? அன்றைய ஸ்பெயினிலும் ஏறக்குறைய அதே பேச்சுதான். பையன் முன்னுக்கு வர மூன்றே வழி: திருச்சபை, கடல், அரச மாளிகை. இதில் திருச்சபையும் ஒரு வழியாகச் சேர்ந்திருப்பதை நாம் கவனிக்காமல் போக முடியாது. இறையழைத்தல் இருந்து வந்தவர்கள் உண்டு; சோற்றுக்கும் பாதுகாப்புக்கும் வந்தவர்களும் உண்டு. துறவு மடங்களின் சொத்தும் பத்திரங்களில்தான் முடங்கிக் கிடந்தது. புதிய மடங்களுக்கு அனுமதி தருவதைக் கட்டுப்படுத்துங்கள் என்று 1619-ஆம் ஆண்டு மன்னருக்கு ஆலோசனை சொன்னது திருச்சபையின் எதிரிகள் அல்ல, கத்தோலிக்க நாட்டின் உயர் மன்றமான காஸ்டீல் ஆலோசனை மன்றம்.

உழைப்பவர்கள் குறைந்துகொண்டிருந்த அதே காலத்தில்தான் உழைக்கும் ஒரு கூட்டத்தையே வெளியேற்றினார்கள். 1596 முதல் 1602 வரை வந்த கொள்ளைநோய் காஸ்டீல் பகுதியில் ஏறக்குறைய 5 லட்சம் பேரைக் கொண்டுபோயிருந்தது. அந்த இழப்பு ஆறும் முன்பே, 1609 முதல் 1614 வரை, சுமார் 3 லட்சம் மொரிஸ்கோக்கள் நாடுகடத்தப்பட்டார்கள். முஸ்லிம்களின் வழிவந்த அவர்கள் திருமுழுக்குப் பெற்றவர்கள். வலென்சியாவில் மட்டும் மூன்றில் ஒரு பங்கு மக்கள் போனார்கள். கரும்பு வயல்களிலும் வாய்க்கால் பாசன நிலங்களிலும் பாடுபட்டவர்கள் அவர்களே. அவர்களை வெளியேற்ற வேண்டும் என்று மன்னருக்கு வற்புறுத்தி எழுதியவர் வலென்சியா பேராயர் ஹுவான் தே ரிபெரா. 1960-இல் அவர் புனிதராக உயர்த்தப்பட்டார். புனிதர்களின் முடிவுகள் எல்லாமே புனிதமானவை என்று திருச்சபை ஒருபோதும் கற்பித்ததில்லை; இந்த முடிவை நான் நியாயப்படுத்த மாட்டேன்.

ஆளில்லாமல் நிலம் கிடந்ததும் பிரபுக்களால் வாங்கிய கடனுக்கு வட்டி கட்ட முடியவில்லை. 1614-ஆம் ஆண்டு அரசு வட்டியை நூற்றுக்கு ஐந்தாகக் குறைத்தது. பிரபுக்கள் மூச்சுவிட்டார்கள். கடன் கொடுத்து வட்டியில் வாழ்ந்த மடங்களுக்கும் கைம்பெண்களுக்கும் வருமானம் சுருங்கியது.

இதையெல்லாம் யாருமே பார்க்கவில்லையா? பார்த்தார்கள். மார்ட்டின் கொன்சாலெஸ் தே செல்யோரிகோ என்ற வழக்கறிஞர் 1600-ஆம் ஆண்டிலேயே மன்னருக்கு விண்ணப்பம் எழுதினார். பொன்னும் வெள்ளியும் செல்வமல்ல, பத்திரம் செல்வமல்ல, உழைப்பும் விளைச்சலுமே செல்வம் என்பது அவர் வாதம். பெரும் பணக்காரரும் பரம ஏழையும் மட்டுமே மிஞ்சி நடுத்தர மக்கள் அற்றுப்போனதையும் அவர் கண்டார். சாஞ்சோ தே மொன்காதா தொலேதோ பல்கலைக்கழகத்தில் விவிலியம் கற்பித்தவர். கம்பளியைப் பஞ்சாக விற்றுவிட்டுத் துணியாகத் திரும்ப வாங்குவதை நிறுத்துங்கள் என்று 1619-இல் எழுதினார். இப்படி யோசனை எழுதுபவர்கள் அன்று பலர். அவர்களில் சிலர் உளறியதும் உண்மை. அதனால் எல்லாரையுமே ஊர் சிரித்தது. எழுத்தாளர் செர்வாந்தெஸ் 1613-இல் வெளியிட்ட ஒரு கதையிலும் அப்படி ஒருவர் வருகிறார். மாதம் ஒருநாள் எல்லாரும் ரொட்டியும் தண்ணீரும் மட்டும் உண்டு, மிச்சப் பணத்தை மன்னருக்குக் கொடுக்கட்டும் என்பது அவர் யோசனை!

1623 பிப்ரவரியில் ஒலிவாரெஸ் என்ற முதலமைச்சர் சீர்திருத்தம் ஒன்றைக் கொண்டுவந்தார். ஆடம்பரம் குறைய வேண்டும், வேலைக்காரர் எண்ணிக்கை குறைய வேண்டும். சிற்றூர்களில் இலத்தீன் பள்ளிகள் கூடாது, ஏனெனில் அங்கே படித்தவன் ஏரைத் தொடுவதில்லை. கடைசி யோசனையை நான் ஏற்கவில்லை. நோய் வேறிடத்தில் இருக்க, படிப்பின்மேல் பழி போட்டார்கள். அடுத்த மாதமே இங்கிலாந்து இளவரசர் சார்லஸ் பெண் கேட்டு மாட்ரிட் வந்துவிட்டார். விருந்தினர் முன் ஏழ்மை தெரியலாமா? ஆடம்பரத் தடைச் சட்டங்கள் நிறுத்திவைக்கப்பட்டன. திருமணமும் நடக்கவில்லை.

அதற்குள் நெசவுக்குப் பேர்போன தொலேதோ நகரம் காலியாகிக் கொண்டிருந்தது. 17-ஆம் நூற்றாண்டின் நடுவில் அங்கே பழைய மக்கள்தொகையில் பாதிகூட இல்லை.

கைத்தொழில் இழிவு என்ற எண்ணம் மட்டும் காலியாகவில்லை. தச்சரான சூசையப்பரை வணங்கிய நாடு அது. தோல் பதனிடுபவர், கொல்லர், தையற்காரர், செருப்புத் தைப்பவர், தச்சர் ஆகியோரின் தொழில்கள் கண்ணியமானவை, அவற்றைச் செய்வதால் யாருடைய குலப்பெருமையும் கெடாது என்று மூன்றாம் கார்லோஸ் மன்னர் ஆணை பிறப்பித்தது 1783-ஆம் ஆண்டு. செல்யோரிகோ விண்ணப்பம் எழுதி அப்போது 183 ஆண்டுகள் ஆகியிருந்தன.